சைலன்சர் மாத்தினா ட்யூனிங் கட்டாயமா?

கேள்வி: அண்ணே, என்னோட பைக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பிஎஸ்6 மாடல். ஸ்லிப்-ஆன் சைலன்சர் போட்டதுலருந்து ஆக்சிலேட்டர விட்டா பட்பட்னு வெடிக்குது. ஈசியூ (இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடணும்னு கணக்குப் போடற கம்ப்யூட்டர்) ட்யூனிங் பண்ணியே ஆகணும்ங்கறாரு மெக்கானிக். பண்ணணுமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. ஸ்லிப்-ஆன்னா கடைசி டப்பா மட்டும்தான், அத மட்டும் மாத்தினா பெரும்பாலும் தேவையில்ல, இன்ஜின்லருந்து சைலன்சருக்கு வர்ற பெண்ட் பைப்புல இருக்கற ஆக்சிஜன் சென்சார் புகைய மோந்து பாத்து, 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்ங்கற கணக்குக்கு பக்கத்துல கொண்டு வந்துரும், ஆனா அது நிதானமா ஓட்டும்போதுதான், ஃபுல்லா முறுக்கினா ஈசியூ சென்சார் பேச்ச கேக்காது, தன்கிட்ட எழுதி வச்ச கணக்கத்தான் பாக்கும். அதனால பெண்ட் பைப்போட முழு செட்டும் மாத்தி, ஏர் ஃபில்டரையும் காத்த தாராளமா விடற ஃப்ரீ-ஃப்ளோ ஆக்கினா பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடேறும், அப்ப ட்யூனிங் வேணும்.

உங்க வெடிப்புக்கு மொதல்ல பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேர்ற ஜாயிண்ட பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி சோப்புத் தண்ணி தெளிங்க, நுரை கிளம்பினா லீக்கு, அந்த வழியா காத்து பூந்துதான் எரியாத பெட்ரோல் பைப்புல வெடிக்குது. கேஸ்கட் மாத்தி கிளாம்ப முறுக்குங்க. அப்பவும் நிக்கலன்னா ஸ்பார்க் பிளக்க கழட்டிப் பாருங்க, வெளுத்துப் போயிருந்தா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், ட்யூனிங் பண்ற ஆள்கிட்ட போங்க, பழுப்பா இருந்தா காச பத்திரமா வச்சுக்குங்க.