பழைய காருக்கு எந்த ஆயில்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்களிடம் 2007-ஆம் ஆண்டு வாங்கிய சான்ட்ரோ ஜிங் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வழக்கமான மெக்கானிக் எப்போதும் 20டபிள்யூ-50 ஆயில்தான் ஊற்றுவார். "பழைய வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான் சரி" என்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரோ 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் எஞ்சின் புதிதுபோல ஓடும் என்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து உடனே நின்றுவிடுகிறது. யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, வேலூர்

பதில்: முதலில் காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். அந்தக் காலக் கையேடுகளில் வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்த ஆயில் ஊற்றலாம் என்று ஒரு வரைபடத்தில் காட்டியிருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்கள் அதில் இருக்கும். அந்த எல்லைக்குள்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி இளகும் என்பதைக் குறிக்கிறது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். வேலூரில் மார்கழி விடியலிலும் இந்தக் குளிர் வராது. ஆனாலும் அந்த எண் குறையக் குறைய, ஸ்டார்ட் செய்த முதல் விநாடிகளில் ஆயில் எஞ்சினின் மேல்பகுதிக்குச் சற்று விரைவாகப் போய்ச் சேரும். தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நேரத்தில் நடப்பதால் இது கவனிக்க வேண்டிய விஷயம். இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சினைக் காப்பது இதுதான்.

மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தேய்ந்த எஞ்சினில் உரசும் பாகங்களுக்கு இடையே இடைவெளி கூடிவிடும். கெட்டியான ஆயில் அங்கே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதாலேயே எஞ்சின் தேய்ந்துவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. தேவையில்லாத இடத்தில் கெட்டி ஆயில் ஊற்றினால் மைலேஜ் குறையும். அதைவிட மோசமாக, உள்ளே இருக்கும் பழுது வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

உங்கள் வண்டியில் வரும் புகை என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப் புகை வந்து அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்கள் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இறுகிப்போயிருக்கும். அவற்றின் வழியே ஆயில் சொட்டி, காலையில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகை வந்தால்தான் பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை) சந்தேகிக்க வேண்டும். வால்வு சீல் மாற்றுவதற்கு ரிங் வேலையைவிட மிகக் குறைவாகவே செலவாகும். எந்த விலை உயர்ந்த ஆயிலும் இறுகிய ரப்பரைப் புதிதுபோல ஆக்கிவிடாது. அப்படிச் சொல்லி விற்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது.

என் பரிந்துரை இது. ஆயில் மாற்றியபின் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பல சிறிய கார்களில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையே உள்ள அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர். இறக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு என்றால், கையேடு அனுமதிக்கும்பட்சத்தில் 10டபிள்யூ-30 அல்லது 15டபிள்யூ-40 போதும். கால் லிட்டருக்கு மேல் இறங்கினால் 20டபிள்யூ-50-ஐயே தொடரலாம். ஆனால் சீல் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

15டபிள்யூ-40 வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் அந்தத் தரத்தில் அதிகம் கிடைப்பது டீசல் வண்டிகளுக்கான ஆயில். கேனில் ஏ.பி.ஐ. (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் சுருக்கம்) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எஸ் என்று தொடங்கும் குறியீடு இருந்தால் அது பெட்ரோல் எஞ்சினுக்கும் பொருந்தும். சி வரிசை மட்டும் இருந்தால் டீசலுக்கு உரியது. பெட்ரோல் வரிசையில் எஸ்.எல். 2001-லும் எஸ்.என். 2010-லும் எஸ்.பி. 2020-லும் வந்தன. கையேட்டில் எஸ்.எல். என்று இருந்தால் அதற்குப் பின் வந்ததைத் தயங்காமல் ஊற்றலாம். அதற்கு முந்தையதை ஊற்றக் கூடாது.

சிந்தெடிக் ஆயிலால் கெடுதல் இல்லை. ஆனால் பழைய எஞ்சினில் படிந்த கசடு சில சமயம் தேய்ந்த சீலின் விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அதைக் கழுவிவிட்டால் மறைந்திருந்த கசிவு வெளிப்படும். மேலும், ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு எந்த ஆயிலானாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நல்ல ஃபில்டரும் சீலும் வாங்குங்கள்.

கேள்வி: இடையில் ஆயில் குறைந்தால் வேறு கம்பெனி ஆயிலைச் சேர்க்கலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: சேர்க்கலாம். ஏ.பி.ஐ. தரச்சான்று பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. தர எண் (20டபிள்யூ-50 போன்றது) ஒன்றாக இருந்தால் நல்லது. குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவு பாருங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள்.

கேள்வி: பைக்குக்கு வாங்கிய ஆயில் மீதமிருக்கிறது. காரில் ஊற்றலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வழக்கமாக வேண்டாம். பைக் ஆயில் அதன் கிளட்ச் நழுவாமல் இருக்கத் தயாரிக்கப்பட்டது. பைக்குக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கடையில் வாங்கிய ஆயில் டூப்ளிகேட் என்று சந்தேகமாக இருக்கிறது. பில் தரவில்லை. என்ன செய்வது? – வாசகர், கும்பகோணம்

பதில்: பில் இல்லாமல் வாதாடுவது கடினம். அந்தக் கேனை எறியாதீர்கள். மூடியின் சீல், தயாரித்த மாதமும் ஆண்டும், பேட்ச் எண், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றைப் படம் எடுத்து, ஆயில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள். பேட்ச் எண் தங்களுடையதுதானா என்று அவர்களிடம் கேளுங்கள். பணம் செலுத்திய யு.பி.ஐ. பதிவும் சான்றாக உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. போலி ஆயில் கும்பல்களுக்கு மூலதனமே நாம் விட்டுவிட்டு வரும் காலிக் கேன்கள்தான். அடுத்த முறை சர்வீஸ் முடிந்ததும் கேனில் ஓட்டை போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.