வைஃபை வரலையா? மொதல்ல சிப் நம்பர் பாருங்க

கேள்வி: அண்ணா, வீட்ல இருந்த பழைய லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ் போட்டேன், எல்லாம் நல்லா ஓடுது, ஆனா வைஃபை மட்டும் வரல, செட்டிங்ஸ்ல போனா அடாப்டரே இல்லைன்னு சொல்லுது. நெட்ல பார்த்து ஏழெட்டு கமாண்ட் அடிச்சேன், பி43ன்னு ஒண்ணு இன்ஸ்டால் பண்ணேன், ஒண்ணும் நடக்கல. லான் போர்ட்டும் போயிடுச்சு. பேசாம திரும்ப விண்டோஸே போட்டுடலாமா? கமாண்ட் அடிக்குற டெர்மினல் விண்டோல வந்ததை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: வேண்டாம் தம்பி, உங்க லேப்டாப்ல வைஃபை கண்டிப்பா வரும். போட்டோ அனுப்புனீங்க பாருங்க, அதுதான் பெரிய உதவி. அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர்னு இருக்குற வரியோட கடைசில 14இ4:4365ன்னு ஒரு நம்பர் இருக்கு. மொத பாதி கம்பெனி, 14இ4ன்னா பிராட்காம். ரெண்டாவது பாதி எந்த சிப்புங்கிறது, 4365ன்னா பிசிஎம்43142. லேப்டாப் என்ன மாடல், என்ன பிராண்டுங்கிறது இதுக்கு பெருசா உதவாது, ஒரே மாடல்லயே ரெண்டு மூணு விதமான வைஃபை கார்டு வரும், அதனால அடுத்தவங்களுக்கு வேலை செஞ்ச கமாண்ட் உங்களுக்கு வேலை செய்யணும்னு இல்ல. டிரைவர்னா சிப்பை ஓட வைக்குற மென்பொருள். நீங்க போட்ட பி43 நல்ல டிரைவர்தான், ஆனா அது இந்த சிப்புக்கு இல்ல. 43142க்கு பிராட்காம் குடுக்குற 'டபிள்யூஎல்'ங்கிற டிரைவர்தான் வேணும்.

இப்ப நெட் இல்லாம அதை எப்படி இறக்குறது? போனை எடுங்க, போன் வீட்டு வைஃபைல இருக்கட்டும், சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட கனெக்ட் பண்ணி போன் செட்டிங்ஸ்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, அவ்ளோதான், லேப்டாப்புக்கு நெட் வந்துடும், அதுக்குன்னு தனியா டிரைவர் எதுவும் வேண்டியதில்ல. கேபிள் டேட்டா போற கேபிளா இருக்கணும், சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல இது நடக்காது. அப்புறம் பி43க்காக போட்ட பேக்கேஜை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து 'அடிஷனல் டிரைவர்ஸ்' டேபுக்கு போங்க, பிராட்காம் எஸ்டிஏ வயர்லெஸ் டிரைவர்னு ஒண்ணு காட்டும், நான் சொன்ன டபிள்யூஎல் இதுதான், அதை டிக் பண்ணி அப்ளை குடுங்க. உங்க கெர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்கு ஏத்த மாதிரி டிரைவரை உங்க மெஷின்லயே கம்பைல் பண்ணும், அதாவது சோர்ஸ் கோடுலேர்ந்து ஓடுற வடிவத்துக்கு மாத்தும், கொஞ்ச நேரம் அசையாம நிக்குற மாதிரி தெரியும், அவசரப்பட்டு மூடிடாதீங்க.

இதுக்கு அப்புறம் வர்ற ஒரு இடத்துலதான் நிறைய பேர் விட்டுடுறாங்க, அதனால இதை ரெண்டு தடவை படிங்க. செக்யூர் பூட், அதாவது நம்பிக்கையான கையெழுத்து இல்லாத மென்பொருளை ஓட விடாத பாதுகாப்பு, ஆன்ல இருந்தா நடுவுல ஒரு பாஸ்வேர்டு வைக்க சொல்லும். வச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணா ஒரு நீல ஸ்கிரீன் வரும், பத்து செகண்ட்ல ஏதாவது ஒரு கீயை அழுத்தணும், இல்லன்னா அது பாட்டுக்கு உபுண்டுக்குள்ள போயிடும். அந்த ஸ்கிரீன்ல 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', அப்புறம் நீங்க வச்ச பாஸ்வேர்டு, அப்புறம் ரீபூட். இது எதுக்குன்னா, உங்க மெஷின்ல கம்பைல் ஆன டிரைவர்ல உங்க மெஷினோட கையெழுத்துதான் இருக்கும், அந்த கையெழுத்தை நம்பலாம்னு நீங்க ஒரு தடவை சொல்லணும், சொல்லலன்னா கெர்னல் அதை உள்ளயே விடாது. ஸ்கிரீனை தவறவிட்டுட்டா பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணாலும் வேலை நடக்கும், ஆனா அதே லேப்டாப்ல பிட்லாக்கர்ங்கிற டிஸ்க் பூட்டு போட்ட விண்டோஸ் இருந்தா ரெகவரி கீயை கைல எடுத்து வச்சுட்டு பண்ணுங்க, இல்லன்னா விண்டோஸ் உள்ளயே விடாம கீ கேட்டு நிக்கும்.

கேள்வி: சார், விண்டோஸ்ல எல்லாம் தானா வருது. லினக்ஸ்ல மட்டும் வைஃபைக்கு ஏன் இவ்ளோ பாடு?
- வங்கி ஊழியர், சேலம்

பதில்: உண்மையில இன்னைக்கு பெரும்பாலான லேப்டாப்ல பாடே இல்ல சார், இன்டெல் கார்டு இருந்தா போட்ட உடனே வந்துடும். மிச்சம் இருக்குற பிரச்சினைக்கு காரணம், வைஃபை கார்டுக்குள்ளயே ஒரு குட்டி ப்ராசஸர் இருக்கு, அதுக்கு தனியா ஒரு ப்ரோக்ராம் வேணும், அதைத்தான் ஃபர்ம்வேர்னு சொல்றோம். டிரைவர் கெர்னல்ல இருந்தாலும் இந்த ஃபைல் இல்லன்னா கார்டு எழுந்திரிக்காது. கெர்னலோட செய்திகளை காட்டுற 'டிமெசேஜ்' (dmesg) கமாண்டோட அவுட்புட்ல ஃபர்ம்வேர் லோட் ஆகல, எரர் மைனஸ் 2ன்னு வந்தா ஃபைல் இல்லைன்னு அர்த்தம், அப்ப டிரைவரை மாத்தி மாத்தி போட்டு பிரயோஜனம் இல்ல, ஃபைலைத்தான் கொண்டு வரணும். இந்த ஃபைலுக்கு சோர்ஸ் கோடு கிடையாது, கம்பெனி பெர்மிஷன் குடுத்தாதான் மத்தவங்க அதை விநியோகம் பண்ண முடியும். டெபியன்ங்கிற இன்னொரு லினக்ஸை உருவாக்குறவங்க இதனாலயே ரொம்ப வருஷம் இந்த ஃபைல்களை இன்ஸ்டாலர்ல சேர்க்காம இருந்தாங்க, 2022ல ஓட்டெடுப்பு வச்சு முடிவை மாத்தி, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லேர்ந்துதான் சேர்த்தாங்க. எனக்கு அது சரியான முடிவுன்னுதான் படுது, வைஃபை வராத ஒரே காரணத்துக்காக மொத நாளே ஒருத்தர் லினக்ஸை விட்டுட்டு போனா அவர்கிட்ட சுதந்திர மென்பொருள் பத்தி எப்ப பேசுறது?

மேல தேனி தம்பி போட்ட அதே பி43 டிரைவர் வந்த கதையையும் நீங்க தெரிஞ்சுக்கணும். பிராட்காம் அப்ப எந்த டாக்குமென்ட்டும் தரல. ஒரு குழு பிராட்காமோட சொந்த டிரைவரை பிரிச்சு படிச்சு சிப் எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி வச்சாங்க, இன்னொரு குழு அந்த டிரைவர் பக்கமே போகாம எழுதி வச்சதை மட்டும் படிச்சு புதுசா கோடு எழுதினாங்க, காப்பிரைட் பிரச்சினை வரக்கூடாதுன்னு அவ்ளோ கவனம். 2006ல கெர்னல் 2.6.17ல அது சேர்ந்துச்சு, 2008 ஆரம்பத்துல 2.6.24ல பி43ன்னு புது வடிவத்துல வந்துச்சு. பிராட்காமே ஒரு ஓப்பன் டிரைவர் வெளியிட்டது 2010ல. அதனால ஒரு பழைய லேப்டாப்ல வைஃபை ஐகான் தானா வந்து நின்னா, அதுக்கு பின்னாடி யாரோ பல ராத்திரி உக்காந்து உழைச்சிருக்காங்க சார்.

கேள்வி: அண்ணா, நான் லினக்ஸ் மின்ட் 21 யூஸ் பண்றேன். 8821சியு சிப் இருக்குற யுஎஸ்பி டாங்கிள் (வெளில சொருகுற குட்டி வைஃபை அடாப்டர்) வாங்கி, சோர்ஸ் இறக்கி மேக், மேக் இன்ஸ்டால் அடிச்சு வேலை செஞ்சுது. நேத்து அப்டேட் பண்ணேன், வைஃபை காணோம். நாளைக்கு ஆன்லைன் இன்டர்வியூ இருக்கு!
- நித்தமும் படிக்கும் வாசகி, திருநெல்வேலி

பதில்: இதுக்கு பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு மெயில்லயே சொல்லிட்டேன்மா, மத்தவங்களுக்காக இங்கயும். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வர்ற மெனுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலை செலக்ட் பண்ணுங்க, வைஃபை அப்படியே இருக்கும். ஏன்னா மேக் இன்ஸ்டால் அடிச்சா டிரைவர் அன்னைக்கு ஓடுன கெர்னலுக்கு மட்டும்தான் போய் உக்காரும், புது கெர்னலுக்கு யாரும் அதை திரும்ப கம்பைல் பண்ணல. டிகேஎம்எஸ்ங்கிற டூல் மூலமா போட்டிருந்தா ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அதுவே திரும்ப கம்பைல் பண்ணிக்கும், கெர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் மட்டும் இருக்கணும். ஆனா உங்களுக்கு அதுவே வேண்டாம். 8821சியு, 8822பியு ரெண்டுக்கும் கெர்னல் 6.2லேர்ந்து டிரைவர் உள்ளயே இருக்கு. இன்டர்வியூ முடிஞ்சதும் நிதானமா மின்ட் 22க்கு மாறுங்க, அதுல கெர்னல் 6.8, ஆனா மாறுறதுக்கு முன்னாடி வெளிலேர்ந்து போட்டதை எடுத்துடுங்க, ரெண்டும் ஒரே டாங்கிளுக்கு அடிச்சுக்க வேண்டாம்.

இந்த டாங்கிள் சில சமயம் சிடி டிரைவ் மாதிரி காட்டும், உள்ள விண்டோஸ் டிரைவர் வச்சிருப்பாங்க, நம்பர் 0பிடிஏ:1ஏ2பின்னு வரும். அப்ப டிரைவர் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, ஃபைல் மேனேஜர்ல அந்த சிடியை எஜெக்ட் பண்ணா டாங்கிளா மாறிடும்.

கேள்வி: வைஃபை ஆன் பட்டனை அழுத்துனா ஆன் ஆகவே மாட்டேங்குது. விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்து இருக்கு.
- கடை வச்சிருப்பவர், யாழ்ப்பாணம்

பதில்: டெர்மினல்ல 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list) அடிச்சு பாருங்க. 'சாஃப்ட் பிளாக்டு யெஸ்'னா 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' (rfkill unblock all) போதும். 'ஹார்ட் பிளாக்டு யெஸ்'னா லேப்டாப்ல இருக்குற சுவிட்சோ விமானம் படம் போட்ட கீயோதான். ரெண்டும் 'நோ'ன்னு இருந்தும் வரலன்னா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிட்டு முழுசா ஷட்டவுன் பண்ணுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா கார்டை பாதி தூக்கத்துல விட்டுட்டு போயிடும்.

கேள்வி: எங்க ஊர் நூலகத்துக்கு ஆறு பழைய லேப்டாப்ல லினக்ஸ் போடுறேன். டிரைவரோட மல்லுக்கட்டாம கார்டையே மாத்திடலாம்னு இருக்கேன், எதை வாங்கலாம்?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, கரூர்

பதில்: நல்ல முடிவும்மா, ஆறு மெஷின்னா நானும் அதைத்தான் செய்வேன். அடியில திறந்து எந்த ஸ்லாட்னு பாருங்க. பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்னா ஏதெரோஸ் 9285, 9485 மாதிரி கார்டு செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, இதுக்கு ஃபர்ம்வேர் ஃபைலே வேண்டாம், டிரைவர் கெர்னல்லயே இருக்கு. எம் டாட் 2 ஸ்லாட்னா இன்டெல் ஏஎக்ஸ்200 வாங்கலாம், ஏஎக்ஸ்201 வேண்டாம், பேர் பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் அது குறிப்பிட்ட இன்டெல் போர்டுல மட்டும்தான் வேலை செய்யும். சில லேப்டாப்போட பயாஸ் வெளி கார்டை ஏத்துக்காது, அதனால ஆறையும் சேர்த்து வாங்காம ஒண்ணு வாங்கி போட்டு பார்த்துட்டு மிச்சத்தை வாங்குங்க. கழட்டும்போது பேட்டரியை எடுத்துடணும், ஆன்டெனா ஒயர் ரெண்டும் எது எந்த பக்கம்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, திரும்ப மாட்டும்போது நேரா வச்சு விரலால மெதுவா அழுத்துனா 'டிக்'குன்னு உக்காரும், சாய்ச்சு அழுத்துனா அந்த குட்டி முனை நசுங்கிடும்.