பத்துப் பேர் சேர்ந்து கம்பெனிப் பணத்தை எதிர்த்தால் ஏதாவது மாறுமா?

கேள்வி இதுதான்: "பெரிய கம்பெனிகள் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் பணம் கொடுத்து, உள்ளாட்சி மன்றத்தில் தங்களுக்கு வேண்டியதைச் சாதித்துக்கொள்கின்றன. உள்ளூரில் பத்துப் பேர் சேர்ந்து பதாகை பிடித்தால் ஏதாவது மாறுமா, இல்லை நம் மனத் திருப்திக்குத்தானா?"

பதாகை மட்டும் பிடித்தால் மாறாது. பிடித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நாங்கள் பதினோரு பேர். ஒரு பெரிய நிறுவனத்துக்கு உள்ளாட்சி மன்றம் வரிச்சலுகை கொடுக்கப் போகிறது, மன்றத்தில் பாதிப் பேருக்குத் தேர்தல் செலவே அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது என்று கேள்விப்பட்டுக் கூடியவர்கள். முதல் ஒரு வருடம் நாங்கள் செய்ததெல்லாம் வாசலில் நின்று கோஷம் போட்டது, அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டது, எத்தனை லைக் விழுந்தது என்று எண்ணியது. அதே நேரத்தில் உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பொதுமக்கள் போய் உட்காரலாம், தடை எதுவும் கிடையாது. எங்களில் ஒருவருக்குக்கூட உள்ளே போகத் தோன்றவில்லை.

அப்புறம் ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். கோஷம் போடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பார். அவர் முதல் வேலையாகப் பழைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை வாங்கி ஒரு வாரம் உட்கார்ந்து படித்தார். நாங்கள் வாசலில் எந்தச் சலுகையை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோமோ, அதன் முதல் பகுதி நாலு மாதத்துக்கு முன்பே நிறைவேறியிருந்தது. நிகழ்ச்சி நிரலின் அடியில் 'இதர பொருள்கள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒற்றை வரி. விவாதம் நடந்ததாகக் குறிப்பே இல்லை. 'பார்வையாளர் எண்ணிக்கை' என்று அச்சிட்டிருந்த கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கோட்டை இன்னும் மறக்க முடியவில்லை. ஊரே பேசுகிற விஷயத்தில் கம்பெனிகள் எவ்வளவு கொட்டினாலும் பலன் நிச்சயமில்லை. யாரும் எட்டிப் பார்க்காத கூட்டத்தில் கொஞ்சம் கொடுத்தாலே வேலை நடந்துவிடும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன்: அவர்களுக்கு மலிவாக முடிகிற வேலையை உள்ளூர்க்காரர்கள் கடினமாக்க முடியுமா? அது முடியும். நடந்தும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை, ஊரின் பெரிய முதலாளி செவ்ரான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2012 ஆகஸ்ட்டில் ஆலையில் தீப்பிடித்து, சுமார் 15,000 பேர் மூச்சுத்திணறல் போன்ற கோளாறுகளோடு சிகிச்சைக்குப் போனார்கள். நகராட்சி அடுத்த வருடம் கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2014இல் தேர்தல் வந்தது. மேயர் பதவிக்கும் சில கவுன்சிலர் இடங்களுக்கும் நடந்த அந்தத் தேர்தலில் தனக்கு வேண்டியவர்களை உட்கார வைக்கச் செவ்ரான் சுமார் 30 லட்சம் டாலர் இறக்கியது. விளம்பரப் பலகை, தொலைக்காட்சி, தபாலில் வரும் வண்ண அட்டைகள் எல்லாம் போக, ஊர்ச் செய்திகளைச் சொல்லும் இணையதளம் ஒன்றையும் தன் செலவில் நடத்தியது. எதிரில் நின்றவர்களில் பலர் ரிச்மண்ட் முற்போக்குக் கூட்டணி என்ற உள்ளூர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். கம்பெனிகளிடமிருந்து ஒரு பைசா வாங்க மாட்டோம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. முடிவில் செவ்ரான் ஆதரித்த மேயர் வேட்பாளரும் தோற்றார், கவுன்சிலர் வேட்பாளர்களும் தோற்றார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் 'மக்கள் பொங்கி எழுந்தார்கள்' என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கேதான் தப்பு. அந்தக் கூட்டணி 2014இல் முளைத்ததில்லை. அதைச் சேர்ந்த கேல் மெக்லாக்லின் கவுன்சிலரானது 2004இல், மேயரானது 2006இல். அதாவது தீப்பிடிப்பதற்கு எட்டு வருடம் முன்பே அவர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டும், மன்றக் கூட்டங்களில் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் தபாலில் வருகிற வழவழ அட்டையைவிட, பத்து வருடமாகத் தெரிந்த முகம் வாசலில் வந்து நிற்பதற்கு மதிப்பு அதிகம். பிறகு 2024இல் ஆலை மீது புதிய வரி போடலாமா என்று வாக்கெடுப்புக்கு விட நகரம் தயாரானபோது, அதைக் கைவிட்டால் பத்து வருடத்தில் 55 கோடி டாலர் தருகிறோம் என்று செவ்ரான் ஒப்பந்தத்துக்கு வந்தது. இது வெற்றியா சமரசமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

சட்டத்தாலேயே தடுத்துவிட முடியாதா என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. கம்பெனிகள் தேர்தல் பிரசாரத்துக்குச் சுயமாகச் செலவழிப்பதைத் தடுக்கக்கூடாது என்று 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொன்டானா மாநிலத்தில், தாமிரச் சுரங்க முதலாளிகளின் அட்டகாசம் தாங்காமல் 1912இல் மக்களே நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்த, தேர்தலில் கம்பெனிப் பணத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று இருந்தது. நூறு வருடம் நின்ற அதையும் 2012இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. தடுக்க முடியாது என்றான பிறகு அதே நாட்டின் சியாட்டில் நகரத்துக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2015இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஒவ்வொரு வாக்காளருக்கும் தலா 25 டாலர் மதிப்புள்ள நாலு சீட்டுகள் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். உங்களுக்குப் பிடித்த வேட்பாளரிடம் சீட்டைக் கொடுத்தால் அவர் நகராட்சியிடம் அதைப் பணமாக மாற்றிக்கொள்வார். பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற வேட்பாளர் இப்போது வாடகை வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியிருக்கிறது. 2019 நகரத் தேர்தலில் அமேசான் சுமார் 15 லட்சம் டாலர் கொட்டியது. அந்தத் தொகை வெளியே தெரிந்ததும் தேர்தல் பேச்சே அதைப் பற்றியதாகிவிட்டது. அந்தப் பணத்தின் ஆதரவு பெற்றவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள்.

வெளியே தெரிவது. இந்த இரண்டு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இந்தியாவின் தேர்தல் பத்திரங்களைப் பாருங்கள். கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் பத்திரம் அது. 2018இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தின் அழகே, யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாது என்பதுதான். கூடவே, கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பையும் 2017இலேயே எடுத்துவிட்டார்கள். 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். வழக்குப் போட்டவர்களில் முக்கியமான அமைப்பு ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். 1999இல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. எடுத்த எடுப்பில் தெருவில் இறங்கியவர்கள் இல்லை. வேட்பாளர் தன் சொத்தையும் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று நாம் இன்று சாதாரணமாக நினைக்கிறோமே, அதுவும் அவர்கள் போட்ட வழக்கில் ஆரம்பித்ததுதான்.

நியாம்கிரியையும் சொல்லாமல் விட முடியாது. ஒடிசாவில் இருக்கும் அந்த மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிராம சபைகள் பரிசீலிக்கட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மலைப்பகுதியின் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. பன்னிரண்டில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன், நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தோம். அதில் ஓர் உறுப்பினர் பெயரைப் போட்டு 'லஞ்சம் வாங்கினார்' என்று எழுதிவிட்டோம். கையில் ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது, எல்லோரும் பேசிக்கொண்டதுதான். நாலாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதினோரு பேரில் நாலு பேர் அன்றைக்கே விலகினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்து வெளியே வந்தோம். கணக்கர் திட்டவில்லை. அந்த உறுப்பினரின் தேர்தல் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு வந்தார். நன்கொடை கொடுத்தவர் பெயர், தொகை, தேதி. பக்கத்திலேயே வரிச்சலுகைத் தீர்மானத்தின் தேதி. "இதை மட்டும் அச்சடிங்க, கீழே ஒரு வார்த்தைகூட நீங்க எழுத வேண்டாம்" என்றார். அப்படியே அடித்தோம். இதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியவில்லை.

சலுகையின் அடுத்த பகுதி மன்றத்துக்கு வந்தபோது பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்கினார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். நாங்கள் போனபோது முன் வரிசைகளெல்லாம் நிரம்பியிருந்தன. எல்லோரும் ஒரே நிறச் சட்டை, எல்லோர் கையிலும் ஒரே தாள். கம்பெனி தன் ஊழியர்களையே பேருந்தில் கூட்டி வந்திருந்தது. எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், யாரும் வராத கூட்டத்துக்குப் பேருந்து எதற்கு?

அன்றைக்கு நாங்கள் ஏழு பேர் பேசினோம். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஐந்து மாதம் கழித்து, சலுகைக் காலத்தைப் பாதியாகக் குறைத்து, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்று வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு நிறைவேறியது. நாங்கள் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. முதல் வருடக் கணக்கு வந்துவிட்டது, எண்பது பக்கம், இப்போது கணக்கர் வீட்டு மேசைமேல் இருக்கிறது. அவர் முப்பதாவது பக்கம் வரை வந்திருக்கிறார்.