மெலிந்துபோன பூனையும் ஒவ்வாத உணவும்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் கருத்தடை செய்யப்பட்ட மூன்று வயதுப் பெண் பூனை இருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன்பு 3.3 கிலோ இருந்தவள் இப்போது 2.4 கிலோதான் இருக்கிறாள். காதோரத்தையும் கழுத்தையும் ஓயாமல் சொறிகிறாள். தடவிப் பார்த்தால் சிறு சிறு பொருக்குகள் கையில் தட்டுப்படுகின்றன. வாரத்துக்கு இரண்டு முறையாவது வாந்தி எடுக்கிறாள். மலமும் இளகிப் போகிறது. உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று இங்குள்ள மருத்துவர் சொன்னதிலிருந்து, வேகவைத்த கோழி, மத்தி மீன், காடை, முட்டை, மூன்று வகை உலர் உணவு என்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பார்த்துவிட்டேன். எதையும் இரண்டு நாள் தின்பாள். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்து, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விடுவாள். பாலை மட்டும் விரும்பிக் குடிக்கிறாள். இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார் என் மாமனார். அப்படிச் செய்யலாமா? எதைத்தான் கொடுப்பது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: பட்டினி போடவே கூடாது. உங்கள் மாமனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நாய்க்குப் பெரும்பாலும் அது ஒத்துவரும். பூனையின் உடலமைப்பு வேறு. உணவு நின்றுபோனால் அதன் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அந்தக் கொழுப்பைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. சில நாட்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து, காமாலை கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்றாலும், நோயுற்று மெலிந்த பூனைக்கும் அது இல்லாமலில்லை. ஒரு நாள் முழுவதும் அவள் ஒன்றுமே தின்னவில்லையென்றால், மறுநாள் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நீங்கள் எழுதியவற்றுள் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது எடைதான். 3.3 கிலோவில் 900 கிராம் என்பது கால் பங்குக்கும் மேல். இவ்வளவு இறக்கத்துக்கு உணவு ஒவ்வாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு மற்றவற்றைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. குடற்புழு, ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணி, குடல் அழற்சி, ஈறு வீக்கத்தாலும் பல் சிதைவாலும் மெல்ல முடியாத நிலை, சிறுநீரகக் கோளாறு, பூனை ரத்தப் புற்று வைரஸ் தொற்று ஆகியவற்றுக்கான சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். குடல் நெடுநாள் கெட்டிருந்தால் வைட்டமின் பி12 உடலில் சேராது. அது குறைந்தால் பசியும் குறையும். அந்த நிலையில் ஊசி மூலம் பி12 கொடுத்த பிறகே பல பூனைகள் தட்டின் பக்கம் திரும்புகின்றன. திருச்சியில் இந்த வசதிகள் எல்லாம் ஒரே இடத்தில் அமையாவிட்டால், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு முறை சென்று வருவது வீண் அலைச்சலாகாது.

அரிப்பைப் பொறுத்தவரையிலும் முந்திக்கொண்டு உணவைக் குற்றம் சொல்ல வேண்டாம். பூனைகளுக்கு அரிப்பு உண்டாக்குவதில் தெள்ளுப்பூச்சிக் கடிக்கே முதலிடம். தலைக்கு வாரும் பேன்சீப்பால் முதுகிலும் வாலடியிலும் வாரி, சீப்பில் வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்; உள்ளே இருப்பது பூனையின் ரத்தம். அப்படியானால் பூச்சிக்கு மருந்திட்ட பின்பே உணவுச் சோதனைக்கு வர வேண்டும். நாய்க்கென்று விற்கும் பூச்சி மருந்தைப் பூனைக்கு இடாதீர்கள். அவற்றுள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

இனி உணவுக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிய முறை, உங்கள் அக்கறையால் நேர்ந்ததுதான் என்றாலும், இரண்டு வகையில் கெடுதல் செய்துவிட்டது. ஒவ்வாமை தணிகிறதா என்று அறிய ஒரே உணவை எட்டு வாரமாவது கொடுத்தாக வேண்டும். ஒரு வாரத்தில் எதையும் சொல்ல முடியாது. மேலும், இதுவரை அவள் உடல் அறியாத புரதம் எதுவோ அதில்தான் சோதனை நடத்த முடியும் என்பதால், ஒவ்வொரு புது இறைச்சியும் நாளைக்குத் தேவைப்படும் ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடுகிறது. பூனைகளிடம் ஒவ்வாமை அதிகம் காணப்படுவது மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவற்றுக்குத்தான். காடையும் கோழியும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்பதால் கோழி ஒவ்வாத பூனைக்குக் காடை மாற்றாகாது. வெள்ளாட்டு இறைச்சி அவள் தின்றதில்லையென்றால் அது ஒரு வழி. ஆனால் மாடும் ஆடும் உறவுள்ள விலங்குகள், அவளோ நாள்தோறும் பால் குடித்தவள் என்பதால் நான் அதை இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். இறைச்சிகளுள் நான் முதலில் தேர்வது முயலை. தமிழ்நாட்டில் இறைச்சிக்காக முயல் வளர்க்கும் பண்ணைகள் பல உள்ளன. இறைச்சிக்குப் பதிலாக, புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்து, உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காண முடியாதபடி தயாரித்த மருத்துவ உணவை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். மெலிந்த பூனைக்கு இதையே நான் பெரிதும் விரும்புகிறேன். ஏனெனில் அது சத்துக் குறைவில்லாத முழு உணவு. வெறும் முயல் இறைச்சியை மட்டும் மாதக் கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும், பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்ற சத்தும் குறையும். அவற்றை அளவாகச் சேர்க்க மருத்துவர் துணை வேண்டும். இறைச்சி வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல் சேர்த்தே கொடுங்கள், டாரின் அந்த நீரில்தான் இறங்கியிருக்கும். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும்.

சோதனை நடக்கும் எட்டு வாரமும் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பாலை நிறுத்துங்கள், பால் புரதமும் ஒவ்வாமை தரும், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காமல் பேதியாகும். மாத்திரைக்குள் சேர்த்த இறைச்சி மணம், எண்ணெய் மருந்து அடைத்த கூட்டிலுள்ள ஜெலட்டின் என்ற விலங்குப் புரதம் ஆகியவையும் கணக்கில் வரும். என்னிடம் வந்த ஒரு பூனைக்கு ஐந்து வாரம் அரிப்பு தணிந்து, கழுத்தில் புது முடிகூட அரும்பியது. ஆறாம் வாரம் மீண்டும் ரத்தம் வரச் சொறிந்துகொண்டு வந்தது. வீட்டார் எதுவும் கொடுக்கவில்லை என்று அடித்துச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. கொல்லையில் மீன் ஆயும் கல்லை அது மாலைதோறும் நக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுச் சிறுமிதான் பார்த்துச் சொன்னாள். கல்லை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, சோதனையை முதலிலிருந்து தொடங்கினோம். ஆகவே உங்கள் மாமனாரையும் இதில் துணையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு துண்டு கருவாடு போட்டாலும் அத்தனை நாள் பாடும் போய்விடும்.

அரிப்புக்கென்று அவளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அதன் வேலை பல வாரம் நீடிக்கும். உணவால் குணமானதா ஊசியால் குணமானதா என்று பிரித்தறிய முடியாது.

தின்ன மறுப்பதுதான் இதில் கடினமான பகுதி. தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி மூடுவதுபோல் அவள் செய்வதை நீங்கள் கவனித்து எழுதியது மிகவும் பயனுள்ளது. பூனை எஞ்சிய இரையை மறைத்துவைக்கும் இயல்பிலும் இப்படிச் செய்யும். ஆனால் வாந்தி எடுக்கும் பூனை உணவை முகர்ந்துவிட்டு இப்படிச் செய்தால் அதற்குக் குமட்டல் இருக்கிறது என்றே நான் முதலில் எண்ணுவேன். குமட்டலோடு இருக்கும்போது ஓர் உணவை வலிந்து ஊட்டினால், உடம்பு தேறிய பிறகும் அந்த மணத்தையே அது வெறுத்துவிடும். நீங்கள் பிடிவாதம் என்று நினைப்பதில் பெரும்பங்கு இதுவாக இருக்கலாம். எனவே குமட்டலுக்கும் வாந்திக்கும் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று நாள் அவள் வயிறு அமைதியான பிறகு புதிய உணவைக் காட்டுங்கள். பசியைத் தூண்ட மிர்டஸபின் போன்ற மருந்துகளும் உண்டு. அவற்றின் அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. மணமே அதன் பசியைத் திறக்கும் சாவி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவு மணப்பதில்லை. கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, உங்கள் மணிக்கட்டில் வைத்தால் சூடும் குளிர்ச்சியும் தோன்றாத அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 38 டிகிரிக்கு, இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். மீசை இடிக்காத தட்டையான தட்டில் இரண்டு தேக்கரண்டி மட்டும் வையுங்கள். தானாக விட்டால் பூனை நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேல் சிறிது சிறிதாகத் தின்னும் பிராணி என்பதால், நீங்கள் ஐந்து அல்லது ஆறு வேளையாகப் பிரித்தாலே அவளுக்குப் பேருதவி. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இறைச்சி விரைவில் கெடும், எறும்பும் ஏறும். எறும்பு ஏறிய தட்டைப் பூனை தொடாது என்பதால், தட்டை நீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவே ஏற்றி வையுங்கள். மலத் தொட்டி, துவைக்கும் இயந்திரம், நாய் நடமாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தட்டு தள்ளியிருக்கட்டும். புதிய உணவைப் பழையதன் பக்கத்தில் தனித் தட்டில் வைத்துப் பழக்கி, ஒரு வாரம் பத்து நாளில் பழையதை மெல்லக் குறையுங்கள். எட்டு வாரக் கணக்கு பழைய உணவு முற்றிலும் நின்ற நாளிலிருந்துதான் தொடங்கும்.

3.3 கிலோ எடைக்குரிய தேவை நாளொன்றுக்குச் சுமார் 170 முதல் 200 கலோரி. 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 60 முதல் 80 கலோரிதான் இருக்கும் என்பதால் ஒரு பாக்கெட்டைத் தின்றுவிட்டாள் என்று நிறைவடைய வேண்டாம். இந்த அளவை முதல் நாளே எட்ட முயலாமல், ஒரு வாரத்தில் படிப்படியாக எட்டுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். வாரத்துக்கு ஐம்பது கிராம் ஏறினாலும் நான் மகிழ்வேன். இரண்டு வாரம் ஏறாமல் இருந்தால், அல்லது மேலும் இறங்கினால், ஒவ்வாமைச் சோதனையை ஒத்திவைத்து அவள் விரும்பும் எதையாவது தின்ன விடுங்கள். உடம்பு தேறிய பிறகு சோதனையைத் தொடரலாம். அதற்கும் அசையாவிட்டால் கழுத்து வழியாக உணவுக்குழாயில் மெல்லிய குழாய் பொருத்தி ஊட்டும் வழி இருக்கிறது. கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும், தினமும் வாயைப் பிளந்து ஊட்டும் போராட்டத்தைவிடப் பூனைக்கு அது எவ்வளவோ நோவு குறைந்தது.

கேள்வி: ரத்தப் பரிசோதனையிலேயே எந்த உணவு ஒவ்வாது என்று தெரிந்துவிடும் என்கிறார்களே, எட்டு வாரம் காத்திருப்பது எதற்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையையும் உமிழ்நீர்ப் பரிசோதனையையும் நம்ப முடியாது. நலமான பூனைக்கும் அவை ஒவ்வாமை காட்டுவதுண்டு. நம்பத்தக்க வழி, ஒரே உணவில் எட்டு வாரம் வைத்து அரிப்பும் வாந்தியும் தணிந்த பிறகு, பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான். ஒவ்வாமை உண்மையானால் சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். நலமாகிவிட்டதே என்று இந்த இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் கோழி மட்டும் ஒவ்வாத ஒரு பூனை ஆயுள் முழுவதும் மீனையும் இழந்து நிற்கிறது.

கேள்வி: எங்களுடையது சைவக் குடும்பம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பூனைக்குக் கோழியும் மீனும் ஒவ்வாது என்று மருத்துவர் கூறிவிட்டார். மிகவும் மெலிந்திருக்கிறது. தயிர்சாதமும் பருப்பும் கொடுத்துச் சமாளிக்கலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: சமாளிக்க முடியாது, அம்மா. இறைச்சியில் இயல்பாக உள்ள டாரினைப் பூனையின் உடல் போதிய அளவில் தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை; காய்கறியிலுள்ள கரோட்டினிலிருந்து வைட்டமின் ஏ-யையும் அதனால் பெற முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975ஆம் ஆண்டிலும், இதயத் தசை தளர்ந்து விரியும் என்பது 1987ஆம் ஆண்டிலும் ஆய்வுகளால் உறுதியாயின. தயிர்சாதத்தில் வளரும் பூனை முதலில் தசையை இழக்கும். முதுகெலும்பு விரலில் இடறும். பார்வை மங்குவது அதன் பிறகுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியவரும்.

வீட்டில் இறைச்சி சமைக்க மனம் ஒப்பாதது எனக்குப் புரிகிறது. சோயாப் புரதத்தைத் துணுக்குகளாக உடைத்து, டாரின் முதலியவற்றைச் சேர்த்துத் தயாரித்த உலர் மருத்துவ உணவு உண்டு. சமைக்க வேண்டிய தேவை இல்லை, உங்கள் பூனையின் ஒவ்வாமைக்கும் பொருந்தும். அதிலும் விலங்குக் கொழுப்போ ஈரலின் சாரமோ சேர்ந்திருக்கலாம் என்பதால், பொதியின் பின்புறத்திலுள்ள பட்டியலைப் படித்துப் பார்த்து மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். பொதியைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சென்னையின் ஈரக் காற்றில் அதன் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், அப்படிப்பட்ட உணவைப் பூனை முகர்ந்தவுடனே விலகிவிடும். முதல் வாரத்தில் ஒரு கைப்பிடி உணவின்மேல் இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கொடுங்கள்.