அம்மாவுக்கு பார்ட் டி: வாஷிங்டன் சண்டை ஓயட்டும் என்று காத்திருக்கலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 71 வயது. கிரீன் கார்டில் வந்து வரும் ஜூனில் ஐந்து ஆண்டு நிறைகிறது. சர்க்கரைக்கு ஜனுவியா, இதயத் துடிப்புக் கோளாறுக்கு எலிக்விஸ். இதுவரை மதுரையிலிருந்து யாராவது வரும்போது மாத்திரை வரவழைத்துச் சமாளித்தோம். இப்போது மெடிகேர் பார்ட் டி எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். இருபது வருடமாக இங்கே இருக்கும் சித்தப்பா, 'அது கட்சிக்காரர்கள் கையில் மாட்டிக்கொண்ட திட்டம், தேர்தலுக்குத் தேர்தல் மாறும், டோனட் ஹோலில் விழுந்தால் எழவே முடியாது, கொஞ்சம் பொறு' என்கிறார். பொறுக்கலாமா?"

பொறுக்க வேண்டாம். ஜூனில் ஐந்து ஆண்டு நிறைகிறது என்றால், அதற்கு மூன்று மாதம் முன்னும் மூன்று மாதம் பின்னுமாக, மார்ச் முதல் செப்டம்பர் வரை சேர்வதற்கு அவகாசம் உண்டு. அதற்குள் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யும் மருந்துக்கான பார்ட் டி-யும் எடுத்துவிடுங்கள். சித்தப்பா சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஆனால் அவர் சொல்வது 2006-இன் கதை. அவருக்கு இவ்வளவு பயம் ஏன் என்று புரிய அந்தக் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தத் திட்டத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது.

1965-இல் ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அதில் ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார். கடையில் போய் வாங்கும் மாத்திரை இல்லை. 1988-இல் ரீகன் காலத்தில் முதல் முயற்சி நடந்தது. பெரிய மருத்துவச் செலவுக்கான பாதுகாப்போடு மருந்தையும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. செலவை வசதியுள்ள முதியோரே கூடுதல் வரியாகக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். வந்தது வினை. 1989 ஆகஸ்டில், அந்தச் சட்டத்தின் பெருந்தலைகளில் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் ராஸ்டன்கவ்ஸ்கியின் காரை சிகாகோவில் அவருடைய சொந்தத் தொகுதிப் பாட்டி தாத்தாக்களே மறித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கார் பானெட்டின் மேலேயே ஏறிவிட்டார். உறுப்பினர் காரிலிருந்து இறங்கி ஓட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தின் பெரும்பகுதியை நாடாளுமன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டது. மருந்துச் சலுகை நடைமுறைக்கு வராமலே போய்விட்டது.

அந்தச் சூடு பட்டவர்கள் மறுபடி மருந்துப் பக்கம் வர 14 ஆண்டு ஆயிற்று. 2003-இல் குடியரசுக் கட்சியின் புஷ் ஆட்சி கொண்டுவந்த மசோதாதான் இன்றைய பார்ட் டி. அது நிறைவேறிய விதம் இன்றைக்கும் பேச்சாக இருக்கிறது. நவம்பர் 22 அதிகாலை மூன்று மணிக்குப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடிவது, ஆளும் கட்சி தோற்கும் நிலையில் இருந்ததால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீட்டிக்கப்பட்டது. சொந்தக் கட்சிக்காரர்களையே ஒவ்வொருவராகப் பிடித்து வளைத்து, கடைசியில் 220-க்கு 215 என்று ஜெயித்தார்கள். அப்படி நெருக்கப்பட்ட மிச்சிகன் உறுப்பினர் ஒருவர், தேர்தலில் நிற்கவிருந்த தன் மகனுக்கு ஆதரவு தருவதாகப் பேரம் பேசினார்கள் என்று சொல்லிவிட, விஷயம் நெறிமுறைக் குழு வரை போனது. பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலேவை அக்குழு 2004-இல் கண்டித்தது.

கணக்கிலும் குளறுபடி. பத்து ஆண்டுக்குச் சுமார் 400 பில்லியன் டாலர் என்று சொல்லித்தான் உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டார்கள். மெடிகேரின் சொந்தக் கணக்காளரான ரிச்சர்ட் ஃபாஸ்டரின் மதிப்பீடு அதைவிட வெகு அதிகம். அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்ததாக அவர் பிறகு சொன்னார். சட்டம் கையெழுத்தாகி இரண்டே மாதத்தில் அரசே 534 பில்லியன் என்று ஒப்புக்கொண்டது. இந்த மசோதாவை எழுதியவர்களில் ஒருவரான பில்லி டோசின் 2005 தொடக்கத்தில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போய் உட்கார்ந்தார். மருந்து விலையில் அரசு கம்பெனிகளுடன் பேரம் பேசவே கூடாது என்று தடை போட்ட சட்டம் அது. ஊர் வாயை மூட முடியுமா? சட்டத்தை ஆதரித்த முதியோர் அமைப்பான ஏஏஆர்பி-யிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விலகினார்கள்.

(ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு பார்ட் டி-யின் உண்மைச் செலவு அந்த மதிப்பீடுகளையெல்லாம் விடக் குறைவாகவே வந்தது. ஜெனரிக் மாத்திரைகள் பெருகியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.)

2006 ஜனவரி 1, திட்டம் தொடங்கிய நாள். ஏழை முதியோரும் மாற்றுத்திறனாளிகளுமாக அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே இரவில், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து புதிய தனியார் பிளான்களுக்கு மாற்றினார்கள். மறுநாள் ஃபார்மசி கவுன்டரில் பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டரில் ஆளே இல்லை. அல்லது, மூன்று டாலர் கட்ட வேண்டியவரிடம் முழு டிடக்டிபிளும் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை) கேட்கிறது. கம்பெனிக்கு போன் போட்டால் மணிக்கணக்கில் சங்கீதம். பல பேர் இன்சுலின் இல்லாமல் வீடு திரும்பினார்கள். கலிஃபோர்னியா முதலான மாநிலங்கள் தம் சொந்தக் கஜானாவைத் திறந்து மருந்து கொடுத்தன. முப்பது நாள் மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மத்திய அரசு உத்தரவிட்டது. குடியரசுக் கட்சிக்காரர்களே தொகுதியில் முகம் காட்டத் தயங்கிய நாட்கள் அவை.

உங்கள் சித்தப்பாவின் மனத்தில் நிற்கும் டோனட் ஹோலும் அந்த ஆண்டுச் சரக்குதான். மொத்த மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டியதும் காப்பீடு நின்றுவிடும். 5,100 டாலர் ஆகும் வரை முழு விலையும் கைக்காசு. நடுவில் ஓட்டை, அதனால் அந்தப் பெயர். பிரீமியம் மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜனநாயகக் கட்சி அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் இதைப் போட்டு வறுத்தெடுத்தது. நவம்பரில் சபை அவர்கள் கைக்கு மாறியதற்கு இராக் போர் பெரிய காரணம் என்றாலும், இதற்கும் அதில் பங்கு உண்டு. அரசு விலை பேசலாம் என்று 2007 ஜனவரியில் சபையில் ஒரு மசோதா நிறைவேற்றினார்கள். அது செனட்டில் முடங்கிப்போனது.

அப்புறம் நடந்ததைத்தான் சித்தப்பா கவனிக்கவில்லை. 2010-இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டம் அந்த ஓட்டையைப் படிப்படியாக அடைக்கத் தொடங்கியது. 2022-இல் பைடன் கையெழுத்திட்ட சட்டம், செனட்டில் 50-க்கு 50 என்று நின்று துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸின் ஒற்றை வாக்கில் தேறியது. அது இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு போட்டது. 2025 முதல் ஓட்டையே கிடையாது. ஒருவர் ஆண்டு முழுக்கத் தம் கையிலிருந்து மருந்துக்குச் செலவழிப்பது 2025-இல் 2,000 டாலரோடு நின்றது. 2026-இல் அது 2,100. விலை பேசக் கூடாது என்ற பழைய தடையிலும் அதே சட்டம் கதவைத் திறந்தது. முதலில் பேசி முடித்த பத்து மருந்துகளில் உங்கள் அம்மாவின் இரண்டும் இருக்கின்றன! 2026 ஜனவரி முதல் ஒரு மாத எலிக்விஸ் 231 டாலர், ஜனுவியா 113 டாலர். 2023-இல் இரண்டுமே 500 டாலருக்கு மேல்.

நான் இதிலிருந்து படித்துக்கொண்டது இவ்வளவுதான்: முதியோர் கையில் ஒருமுறை வந்துசேர்ந்த மருந்துச் சலுகையைப் பிடுங்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வரவில்லை. 1989-இல் ரத்தானது, இன்னும் யார் கைக்கும் வந்து சேராத சலுகை. 2022 சட்டத்துக்கு ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட விழவில்லை. இருந்தும் 2025-இல் எல்லாமே அவர்கள் கையில் இருந்தபோது அந்த உச்சவரம்பைத் தொடவில்லை. விலைப் பேச்சிலிருந்து சில அரிய நோய் மருந்துகளுக்கு விலக்கை அகலப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அதே 2025 சட்டம் குடியேறியவர்களில் சில பிரிவினருக்கு மெடிகேரை நிறுத்தியது உண்மை. கிரீன் கார்டுக்காரர்கள் அதில் வரவில்லை.

ஆடிக்கொண்டிருப்பது பிரீமியம்தான். கைச்செலவுக்கு வரம்பு போட்டதும் அந்தப் பாரம் கம்பெனிகள் மேல் விழுந்தது. அவர்கள் 2025-க்குப் பிரீமியத்தை எக்கச்சக்கமாக ஏற்றப் பார்த்தார்கள். தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நேரம். பைடன் அரசு கம்பெனிகளுக்கு மானியம் கொடுத்து அமுக்கியது. ஓட்டுக்காக வாரி இறைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி கத்தியது. பிறகு டிரம்ப் அரசும் 2026-க்கு அதே மானியத்தைக் கொஞ்சம் குறைத்துத் தொடர்ந்தது! இந்த முட்டு எப்போது வேண்டுமானாலும் எடுக்கப்படலாம். மருந்துக்கென்றே தனியாக விற்கும் பிளான்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். சேராமல் காத்திருந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு சதவீதம் அபராதம். 2026-இல் அந்த அடிப்படை 38.99 டாலர். மூன்று ஆண்டு பொறுத்தால் 36 சதவீதம், அதாவது மாதம் 14 டாலர், திட்டத்தில் இருக்கும்வரை. அடிப்படை ஏறினால் அபராதமும் ஏறும். 2006-இல் முதல் கெடுவான மே 15-ஐத் தள்ளிப்போடச் சொல்லி எவ்வளவோ பேர் மன்றாடினார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள், தேதியை மாற்றவில்லை. அபராதம் இல்லையென்றால் நோய் வந்தபின்தான் எல்லோரும் சேருவார்கள், திட்டம் படுத்துவிடும். ஆகவே எந்த ஆட்சி வந்தாலும் இது போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பார்ட் பி-க்கும் தாமத அபராதம் தனியாக உண்டு.

மதுரை மாத்திரை விஷயம். ஜனுவியாவில் இருக்கும் சிட்டாக்ளிப்டினின் இந்தியக் காப்புரிமை 2022-இல் முடிந்துவிட்டதால் அங்கே விலை சல்லிசு என்பது உண்மைதான். ஆனால் அங்கே செலவழித்த பணம் இந்த 2,100 டாலர் கணக்கில் சேராது. அபராதத்தைத் தவிர்க்க அந்த மாத்திரை டப்பாவை "ஏற்கெனவே காப்பீடு இருந்தது" என்று காட்டவும் முடியாது. வரவேண்டியவர் பயணத்தைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை மாத்திரையை எப்படியாவது சமாளிக்கலாம். எலிக்விஸ் அப்படியல்ல. டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தினால் பக்கவாத அபாயம் கூடும்.

ஒரு முழு ஆண்டுக்கு, சட்டம் வகுத்த நிலையான பிளானில், 2026 எண்களை வைத்துப் பார்ப்போம். இரண்டு மருந்தும் சேர்ந்து மாதம் 344 டாலர். ஜனவரியில் முழுத் தொகை, பிப்ரவரியில் ஏறக்குறைய 290. அத்தோடு 615 டாலர் டிடக்டிபிள் தீர்ந்துவிடும். மார்ச் முதல் கால்பங்கு, அதாவது மாதம் 86. ஆண்டுக்கு மொத்தம் 1,500-ஐ ஒட்டி வரும். முதல் இரண்டு மாத அடியைத் தாங்க முடியாது என்றால், வருடச் செலவை மாதத் தவணையாகப் பரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டை 2025 முதல் எல்லாப் பிளானும் தர வேண்டும். தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். இடையில் ஜூனில் சேர்ந்தாலும் டிடக்டிபிள் முழுசாகத்தான் இருக்கும், ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதற்கு மேல் பிரீமியம், அப்புறம் பார்ட் பி-க்கு மாதம் 202.90 டாலர். அம்மா இங்கே வேலை பார்த்து வரி கட்டியவர் அல்லர் என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-க்கு மாதம் 565 கேட்பார்கள். பார்ட் டி எடுக்க பார்ட் ஏ கட்டாயமில்லை, பி இருந்தால் போதும். மெடிகேர் அட்வான்டேஜ் என்ற தனியார் பிளானை விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார், அதற்கு இரண்டும் வேண்டும்.

அம்மாவுக்கென்று வருமானமும் சேமிப்பும் குறைவு என்றால் சோஷியல் செக்யூரிட்டியில், மருந்துச் செலவைக் குறைக்கும் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' உதவி கேட்டு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் அபராதமும் இல்லை. நியூ ஜெர்சியில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மாநில அரசின் 'பாட்' திட்டத்தில் தகுதி இருந்தால் ஜெனரிக் மருந்துக்கு 5 டாலர், பிராண்டுக்கு 7 டாலர்தான். அதற்கும் பார்ட் டி-யில் சேர்ந்திருக்க வேண்டும்.

பிளானைப் பிரீமியம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெடிகேர் இணையதளத்தில் ஜிப் கோடு, இரண்டு மருந்தின் பெயர், மில்லிகிராம், உங்கள் வீட்டுப் பக்கத்து ஃபார்மசி இவற்றைப் போட்டால் ஆண்டு மொத்தச் செலவு வாரியாக வரிசைப்படுத்தித் தரும். அதைப் பாருங்கள். தலை சுற்றினால் 'ஷிப்' என்ற மாநில மெடிகேர் உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள் இலவசமாக உட்கார்ந்து சொல்லித்தருவார்கள், அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. சேர்ந்த புதிதில் ஏதாவது மருந்து பட்டியலில் இல்லை என்று கவுன்டரில் கையை விரித்தால், 'டிரான்சிஷன் ஃபில்' என்று கேளுங்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தாக இருந்தால், முதல் 90 நாளுக்குள் ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசிக்குள் கம்பெனியிலிருந்து அடுத்த ஆண்டு மாற்றங்களைச் சொல்லும் தடித்த கவர் ஒன்று வரும். அதை விளம்பரக் காகிதங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரீமியம், மருந்துப் பட்டியல், ஃபார்மசி மூன்றையும் அதில் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பிளானை மாற்றிக்கொள்ளலாம்.