வாசகர் கேள்வி – பதில்: பறிபோன அனுமதிப்பத்திரமும் கைவிட வேண்டிய குடியும்

கேள்வி: கிழக்கு லண்டனில் மதுபானமும் விற்கும் பலசரக்குக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போய் நள்ளிரவில் காரில் திரும்பும்போது பொலிஸார் மறித்தார்கள். நிலையத்தில் ஊதியபோது 96 என்று காட்டியது. ஐந்து மாதங்களுக்கு முன் நீதிமன்றம் 24 மாதம் வாகனம் ஓட்டத் தடை விதித்தது. புனர்வாழ்வு வகுப்பை முடித்தால் 6 மாதம் குறையும் என்றதால் அதில் சேர்ந்திருக்கிறேன்; ஆக, இன்னும் 13 மாதம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்க இரத்தப் பரிசோதனை உண்டாம். இரவில் கடை பூட்டியதும் அரைப் போத்தல் விஸ்கி எடுப்பேன். காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கக் கை சற்று நடுங்கும், ஒரு வாய் எடுத்தால் சரியாகிவிடும். மற்றபடி வேலைக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. கடைசி ஒரு மாதம் நிறுத்தி, கீழ்காய்நெல்லிச் சாறு குடித்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியாக எத்தனை கிழமைக்கு முன் நிறுத்த வேண்டும்?
– பெயர் வேண்டாம், கிழக்கு லண்டன்

பதில்: கேட்டதற்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிழமையே நிறுத்துவதற்கான வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் வைத்தியரைக் காணாமல் ஒரே இரவில் நிறுத்தக் கூடாது. இரண்டுக்கும் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் மூச்சில் அனுமதிக்கப்படும் அளவு 100 மில்லிலீற்றருக்கு 35 மைக்ரோகிராம். உங்களுடையது 96. அளவு 87.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, பத்து ஆண்டுகளுக்குள் இருமுறை பிடிபட்டாலோ, மாதிரி கொடுக்க மறுத்தாலோ சட்டம் அந்த ஓட்டுநரை உயர் ஆபத்துப் பிரிவில் வைக்கிறது. நீங்கள் அந்தப் பிரிவில்தான் இருக்கிறீர்கள். புனர்வாழ்வு வகுப்பு தடைக்காலத்தில் அதிகபட்சம் கால்பங்கைக் குறைக்குமே தவிர, உங்களை இந்தப் பிரிவிலிருந்து விடுவிக்காது. தடை முடிய ஏறத்தாழ 90 நாள் இருக்கும்போது ஓட்டுநர் அனுமதிப்பத்திரங்களை வழங்கும், சுவான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து படிவம் வரும். அதை நிரப்பி அனுப்பியபின், அவர்கள் குறிப்பிடும் வைத்தியரிடம் உங்கள் சொந்தச் செலவில் போக வேண்டும். சாதாரணத் தடை பெற்ற ஒருவர், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே சில நிபந்தனைகளுடன் ஓட்டத் தொடங்கலாம். 2013 ஜூன் 1 முதல் தண்டிக்கப்பட்ட உயர் ஆபத்துப் பிரிவினருக்கு அந்த வசதி இல்லை. மருத்துவ முடிவு வரும்வரை பஸ்தான்.

இரத்தத்தில் அவர்கள் பார்ப்பது சி.டி.ரி. எனப்படும் ஒரு குறியீடு. நம் இரத்தத்தில் இரும்புச் சத்தைச் சுமக்கும் ட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மேல் சிறு சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். ஒருவர் இரண்டு கிழமையளவு நாள்தோறும் அதிகமாகக் குடித்தால், அந்தச் சங்கிலிகள் குறைந்த புரதம் இரத்தத்தில் பெருகுகிறது. குடியை நிறுத்தியபின் அந்த உயர்வு பாதியாகக் குறைய ஏறத்தாழ 14 நாள் செல்லும். உங்கள் நண்பர்களின் ‘ஒரு மாதக் கணக்கு’ இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கீழ்காய்நெல்லி ஈரலுக்கு நல்லதா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இந்தப் புரதத்தைக் குறைப்பது நீங்கள் குடிக்கும் சாறு அல்ல, குடிக்காமல் இருக்கும் நாட்கள்.

மற்றப் பாதிதான் உங்களுக்கு ஆபத்தானது. சோதனை இரத்தத்தோடு முடிவதில்லை. எவ்வளவு குடித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், கை நடுக்கம், வலிப்பு, ஈரல் நோய் உண்டா என்ற கேள்விகளும் உடற்பரிசோதனையும் இருக்கின்றன. தேவைப்பட்டால் உங்கள் சம்மதத்துடன் குடும்ப வைத்தியரின் பதிவுகளையும் கேட்பார்கள். பரிசோதிக்கும் வைத்தியர் அறிக்கை மட்டுமே எழுதுவார், முடிவு சுவான்சியில் எடுக்கப்படும். அங்குள்ள விதி, மதுவைத் தீங்கான முறையில் பாவிப்பவர்களையும் மதுவுக்கு அடிமையானவர்களையும் இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையினர் கார் ஓட்ட, குறைந்தது 6 மாதம் குடியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் அல்லது முற்றாக விட்டிருக்க வேண்டும். இரண்டாம் வகையினருக்குக் கட்டுப்பாடு என்ற சலுகை கிடையாது. ஒரு முழு ஆண்டு ஒரு சொட்டும் தொடாமல் இருந்திருக்க வேண்டும். கனரக வாகனம் அல்லது பஸ் ஓட்டுபவராயின் அது 3 ஆண்டு.

நீங்கள் எந்த வகை என்பதை நேரில் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும். ஆனால் காலையில் நடுங்கும் கை ஒரு வாய் விஸ்கிக்கு அடங்குகிறது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, வேலைக்குப் பிந்தாததை அதன்மேல் மூடியாகப் போட்டிருக்கிறீர்களே, அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. அது உடல் மதுவுக்குப் பழகிவிட்டதன் தெளிவான அடையாளம். அளவையும் பாருங்கள். இந்நாட்டில் ஒரு யூனிட் என்பது 8 கிராம் தூய மது. 40 வீத விஸ்கியில் 35 சென்ரிலீற்றர் அரைப் போத்தல் 14 யூனிட். ஒரு கிழமை முழுவதற்கும் தாண்ட வேண்டாம் என்று அரச மருத்துவ ஆலோசகர்கள் 2016 இல் சொன்ன அளவும் அதே 14 தான். கிழமைக்கு உரியதை நீங்கள் ஒவ்வோர் இரவும் முடிக்கிறீர்கள்.

இப்போது மாதக் கணக்குக்கு வருவோம். வைத்தியர் உங்களை இரண்டாம் வகை என்று சொன்னால் 12 மாதம் வேண்டும். உங்களிடம் இருப்பது 13 மாதம். நீங்கள் தாராளம் என்று நினைத்திருக்கும் அவகாசத்தில் மிச்சம் ஒரே ஒரு மாதம். பத்தாவது மாதத்தில் நிறுத்தினால் இரத்தம் தெளிந்திருந்தாலும் ஆண்டு நிறைந்திருக்காது.

ஆயினும் இதை வாசித்துவிட்டு இன்றிரவே போத்தலைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். உங்கள் அளவில் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் ஓரிரு நாளில் சிலருக்குக் கடும் குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊரில் ‘குடியை விட்டான், பேய் பிடித்தது’ என்று சொன்ன கதைகளில் பல இதுவாகத்தான் இருக்கும். போதாததற்கு, குடி தொடர்பான ஒரு வலிப்பு வந்தாலே கார் ஓட்டக் குறைந்தது 6 மாதத் தடை வரும். எனவே குடும்ப வைத்தியரிடம் போய், அரைப் போத்தல் என்பதை ‘இரண்டு கிளாஸ்’ ஆக்காமல் உள்ளபடி சொல்லுங்கள். சில நாட்களுக்குப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரைகளும், விற்றமின் பி1 உம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்தப் பிரதேச மதுச் சேவைக்கு அனுப்பிவைப்பார். ஆங்கிலம் இடறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. பதிவில் ஏறிவிடுமே என்று தயங்குவீர்கள். ஏறட்டும். நிறுத்திய திகதியும் அதே பதிவில்தான் ஏறுகிறது. உங்கள் ஓர் ஆண்டை நிரூபிக்க உங்கள் வாய்ச்சொல்லைவிட அது பெறுமதியானது.

கடையைப் பற்றியும் ஒரு சொல். உங்களுக்குக் கடை பூட்டும் நேரமே குடிக்கும் நேரமாகிவிட்டது. முதல் மூன்று மாதமாவது காலைப் பொழுது வேலை தரும்படியும், மதுத் தட்டுகளை அடுக்கும் வேலையை வேறொருவரிடம் விடும்படியும் முதலாளியைக் கேளுங்கள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தால், வைத்தியரின் ஆலோசனை என்று மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: தடை இங்கிலாந்து அனுமதிப்பத்திரத்துக்குத்தானே? என்னிடம் இலங்கை அனுமதிப்பத்திரமும் சர்வதேச அனுமதியும் இருக்கின்றன. அவசரத்துக்கு அதை வைத்து ஓட்டலாமா?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: கூடாது. தடை அட்டைக்கு அல்ல, ஆளுக்கு. எந்த நாட்டு அட்டை பையில் இருந்தாலும் இந்நாட்டில் நீங்கள் தடைசெய்யப்பட்டவரே. தடைக்காலத்தில் ஓட்டினால் 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம், தடையும் நீளலாம், காப்புறுதியும் கைகொடுக்காது.

கேள்வி: என் கணவர் ஒரு வருடத்துக்கு மேல் குடியை விட்டிருந்து, மருத்துவச் சோதனையில் தேறி, நான்கு மாதங்களுக்கு முன் அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற்றார். இப்போது சனிக்கிழமைகளில் ‘பியர் மட்டும்தான்’ என்று நான்கு கான் குடிக்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு மனைவி, பேர்மிங்ஹாம்

பதில்: 440 மில்லிலீற்றர் கான், 5 வீதம் என்றால் 2.2 யூனிட், நான்கும் சேர்ந்து ஒன்பதுக்குக் கிட்ட வரும். உடலில் ஒரு யூனிட் கழிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகுமென்பதால், நள்ளிரவில் முடித்தவர் ஞாயிறு காலை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும்போது இரத்தத்தில் மிச்சம் இருக்கக்கூடும். குளிப்பும் கோப்பியும் அதைக் கழிக்கமாட்டா.

அவருக்கு முன்பு இருந்தது அடிமைநிலை என்றால், ‘பியர் மட்டும்’ என்பது பழைய இடத்துக்குப் போகும் வழக்கமான பாதை என்பதே என் கருத்து. பழைய நிலை திரும்பினால் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டிய சட்டக் கடமை அவருடையது. மறைத்தால் 1,000 பவுண் வரை அபராதம் உண்டு. முதல் தண்டனையிலிருந்து பத்து ஆண்டுக்குள் மீண்டும் பிடிபட்டால் தடை குறைந்தது 3 ஆண்டு. இதைச் சண்டையாக இல்லாமல், அவர் குடிக்காத ஒரு மாலையில், குடும்ப வைத்தியரிடம் திரும்பப் போவதற்கான நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதுவரை ஞாயிறு காலைகளில் கார்ச் சாவி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். வெறியில் பிள்ளைகளை ஏற்றப் புறப்பட்டால் பொலிஸாரை அழைப்பது காட்டிக்கொடுப்பது ஆகாது. அல்-அனான் என்ற குடும்பத்தினருக்கான கூட்டங்கள் பல நகரங்களில் நடக்கின்றன. அவர் வராவிட்டாலும் நீங்கள் தனியாகப் போகலாம்.