விமானம் ஏறாத 37 பேர்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் நிர்வாகம் ஜெர்மனியில் உள்ள ஒரு பள்ளியுடன் மாணவர் பரிமாற்றத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. பொங்கலையொட்டி அவர்கள் இங்கே வருகிறார்கள். கோடை விடுமுறையில் நாங்கள் அங்கே போக வேண்டும். தலைப்பு, 'செய்முறை அறிவியலும் சுற்றுச்சூழலும்'. நிகழ்ச்சி நிரலில் இருப்பவை மாமல்லபுரம், கோலப்போட்டி, பட்டுப்புடவைக் கடை, மரக்கன்று நடுதல். என் வகுப்பில் 45 பேர். பணம் கட்ட முடிந்தவர்கள் 8 பேர்தான். ஒரு மாணவி எழுந்து, "சுற்றுச்சூழலைப் பற்றிப் படிக்க விமானத்தில் போகலாமா மிஸ்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இதனால் யாருக்காவது பயன் உண்டா?

ஓர் ஆசிரியை (பெயர் வேண்டாம்), சென்னை

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து ஜெர்மனிக்குப் போய்த் திரும்பினால் ஒரு பயணியின் பங்காக வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு டன். ஓர் இந்தியர் ஓர் ஆண்டு முழுவதும் வெளியேற்றுவது சராசரியாக இரண்டு டன் அளவில் இருக்கிறது. பத்து நாள் பயணத்துக்கு அரை ஆண்டின் பங்கு செலவாகிவிடும். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதைக் கேட்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருப்பது உங்கள் கற்பித்தலுக்குப் பெருமை.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு வரவேற்பு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். விருந்தினர் பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கும்மி ஆடிக் காட்டினார்கள். எல்லாம் அழகாகவே இருந்தது. மாடியில் அறிவியல் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. வந்திருந்த ஒரு பையன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே என்ன செய்வீர்கள்?" என்று நம் பையனைக் கேட்டான். இவன் தலைகுனிந்து நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. பத்து நாளும் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

ஆகவே பரிமாற்றத்தைப் பொங்கலுக்குத் தொடங்காதீர்கள். இந்த வாரமே தொடங்குங்கள், மழைமானியிலிருந்து. பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை அறுத்து, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, மட்டம் சமமாகும்வரை நீர் விட்டு, அந்த இடத்தில் பூச்சியம் என்று கோடு போட்டு, அளவுகோலை ஒட்டிவிட்டால் போதும். வானிலை ஆய்வு மையம் கணக்கெடுக்கும் அதே காலை 8.30 மணிக்கு நாள்தோறும் ஒரு பிள்ளை பார்த்து எழுதட்டும். ஜெர்மனிப் பள்ளியிலும் இதே பாட்டில், இதே நோட்டு. வாரம் ஒருமுறை எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண்டில் சென்னையில் சராசரியாகப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். பெர்லினில் 600-க்கும் குறைவு. நம் மழை அவர்களுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் 2019-இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ரயில் வந்து நின்றது உங்களுக்குப் பக்கத்து வில்லிவாக்கத்தில். ஏன் என்பதை நீங்கள் விளக்க வேண்டாம், நோட்டே சொல்லிவிடும். அவர்கள் பக்கத்தில் ஆண்டு முழுவதும் சின்னச் சின்ன எண்களாகத் தூறியிருக்கும். நம் பக்கத்தில் வரிசையாகப் பூச்சியம். திடீரென்று ஒரு நாள் 100. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, பெர்லினின் ஓர் ஆண்டு மழையில் முக்கால் பங்குக்கும் மேல் ஒரே நாளில்! இதை விரலால் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு, நம் முன்னோர் ஏன் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள் என்பது தானாகவே விளங்கும்.

விருந்தினர் வந்ததும் புடவைக் கடைக்குப் பதிலாகப் பள்ளியின் மழைநீர்த் தொட்டியைத் திறந்து காட்டுங்கள். 2003-லேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட தொட்டி அது. மண் அடைத்துக் கிடந்தால் கூச்சப்படாதீர்கள், இரு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தூர்வாரட்டும். பிறகு ஒரு முழம் குழி தோண்டி, ஒரு வாளி நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பெரம்பூரின் களிமண்ணில் நீர் தேங்கி நிற்கும். மறுநாள் அதே வாளியோடு திருவான்மியூர் மணலுக்குப் போங்கள், ஊற்ற ஊற்ற உறிஞ்சிவிடும். ஒரே தொட்டி எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலைகளில் 45 பேருக்கும் பங்கு உண்டு. போகாத 37 பேருடைய கையெழுத்திலும்தான் நோட்டு நிறைந்திருக்கும். போகிற 8 பேர் அந்த நோட்டின் தூதர்களாகப் போகட்டும். '37 பேரும் ஆளுக்கொரு கேள்வி கொடுத்தனுப்புவார்கள், விடையில்லாமல் திரும்பக் கூடாது' என்று நிபந்தனை போடுங்கள். அப்போது அந்த ஒரு டன்னுக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வெளிநாடு என்றதும் நம் பள்ளிகள் ஏன் ஐரோப்பாவையே பார்க்கின்றன? யாழ்ப்பாணம் நமக்குத் தெற்கே 380 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நிரந்தரமாக ஓடும் ஆறு இல்லாத தீபகற்பம். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பிக் கிணறுகளால் வாழ்கிறது. அடியில் உப்புநீர், அதன்மேல் மிதக்கும் நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். சென்னைக்கு வடக்கே, நம் மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் உள்ளே புகுந்ததும் அளவுக்கு மீறி இறைத்ததால்தான். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் கிணற்றுநீரின் உப்பளவை மாதந்தோறும் எழுதி ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. யாழ்ப்பாணமும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் உள்ளன, கடிகார நேரமும் ஒன்றுதான். மார்ச் 20 அன்று இரண்டு ஊர்களிலும் ஒரு மீட்டர்க் கம்பைச் செங்குத்தாக நட்டு, 12 மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவாருங்கள். மிகக் குறுகிய நிழல் 12 மணிக்கு விழாது, 12.16 அளவில்தான் விழும். உச்சிவேளை என்பது கடிகாரம் சொல்வதல்ல என்று அன்றைக்கே தெரிந்துகொள்வார்கள். சென்னையில் நிழல் 23 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், யாழ்ப்பாணத்தில் 17 சென்டிமீட்டர் அளவிலும் இருக்கும். இரண்டிலிருந்தும் சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் மூன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்த மூன்று சொச்சம் பாகைக்கு 380 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு வந்துவிடும், சுமார் 40,000 கிலோமீட்டர். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் 2,200 ஆண்டுகளுக்கு முன் செய்ததை உங்கள் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில், ஒரு பைசா பயணச் செலவில்லாமல் செய்துவிடலாம். நிழலை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடையில் சில நூறு கிலோமீட்டர் மாறும். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கேட்டு வாதாடட்டும், அந்த வாதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், இந்த டீச்சரோடு சேர்த்துவைக்கிறேன். டீச்சர், முதல் வார மழைக்கணக்கை எனக்கும் அனுப்புங்கள். ஏழு நாளும் பூச்சியமாக இருந்தாலும் அனுப்புங்கள்.